துணைப்பாடமாகத் திரைப்படம்: இந்தியக் கல்லூரிக் கல்வியில் ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பட்டப் பாடத்திட்டச் சட்டகம், முதன்மைப் பாடத்தோடு துணைப்பாடம் ஒன்றனையும் மாணவர் தேர்ந்து பயில வழிவகுத்தது. மூன்றாண்டுப் பட்டத்திற்குரிய குறைந்த அளவான 120 கிரெடிட்டுகளுள் 24, நான்காண்டுப் பட்டத்திற்குரிய 160 கிரெடிட்டுகளுள் 32 என்ற அளவில் துணைப்பாடத்திற்கு அதில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. வரலாறு பயிலும் மாணவரும், இயற்பியல் பயிலும் மாணவரும், தமிழ் இலக்கியம் பயிலும் மாணவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து திரைப்படத்தைப் பாடமாகக் கற்பதற்கான வாய்ப்பு இதனால் உருவாகியுள்ளது.

இவ்வாய்ப்பு புதியதாகத் தோன்றினும், திரைப்படக் கல்வி பல துறைகளின் சார்பில் நிற்பது இந்தியச் சூழலில் புதியதன்று. இந்நாட்டில் திரைப்படத்தை முறையாகக் கற்பித்தோரும் ஆய்ந்தோரும் பெரும்பாலும் வேறு துறைகளிலிருந்து வந்தவர்களே. பொருளாதாரம், வரலாறு, இலக்கியம், சமூகவியல் முதலிய துறைகளின் நிழலிலேயே இக்கல்வி வளர்ந்தது. அவ்வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் எதைக் கற்பிக்க முடிந்தது என்பதை, எந்தப் படத்தின் படி கைக்குக் கிட்டியது என்பதே பெரிதும் முடிவு செய்தது. இக்கருத்தை வரலாற்று நோக்கில் நிறுவுவதும், துணைப்பாடம் வகுப்போர் குறிப்பாகத் தமிழ்த்துறைகள் அவ்வரலாற்றிலிருந்து அறிந்து கொள்ளத்தக்கவற்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரைப்படக் கல்வி: மூன்று பொருள்கள்

திரைப்படக் கல்வி என்னும் தொடர் மூன்று வேறு பொருள்களில் வழங்கப்பட்டு வருகிறது. திரைப்படத்தைக் கருவியாகக் கொண்டு பிற பாடங்களைக் கற்பித்தல் ஒன்று. 1984 ஆகஸ்டில் தூர்தர்ஷன் வழியாக மானியக் குழு தொடங்கிய நாடளாவிய வகுப்பறை ஒளிபரப்பு இவ்வகையினது. படம் எடுக்கும் தொழில்நுட்பத்தைக் கற்பித்தல் இரண்டாவது. பெங்களூரின் ஸ்ரீ ஜயசாமராஜேந்திரா பாலிடெக்னிக்கில் 1940களிலேயே ஒளிப்பதிவுப் படிப்பு நடந்தது. வி.கே. மூர்த்தி, கோவிந்த் நிஹலானி முதலியோர் அங்குப் பயின்றவர்கள். திரைப்படத்தையே ஆய்வுப் பொருளாகக் கொண்டு, அதன் மொழியையும் வரலாற்றையும் சமூக இடத்தையும் கற்றல் மூன்றாவது. துணைப்பாடம் என்ற நிலையில் கல்லூரிக்கு உரியது இம்மூன்றாம் பொருளே. முதலிரண்டிற்கும் நிறுவனங்களும் நிதியும் காலத்தே கிடைத்தன. மூன்றாவது நெடுங்காலம் கல்லூரிக்கு வெளியிலேயே நின்றது.

குழு அறிக்கைகளில் திரைப்படம்

இந்தியத் திரைப்படத்தைப் பல துறை நோக்கில் ஆராய்ந்த முதற் பெரும் ஆவணம் கல்விக்கூடத்தில் தோன்றவில்லை. அரசாங்கக் குழுவொன்றின் விசாரணையில் தோன்றியது. சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927 இல் அமைக்கப்பட்ட இந்தியத் திரைப்படக் குழு, நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று 353 சாட்சிகளை விசாரித்து 1928 இல் அறிக்கை அளித்தது. தணிக்கை பற்றிய கவலையும், பேரரசின் படங்களுக்குச் சந்தை தேடும் விருப்பமும் இக்குழுவின் தோற்றத்திற்குப் பின்புலமாக இருந்தன. ஆயினும் சாட்சியங்கள் அந்நோக்கத்தின் எல்லையைக் கடந்து விரிந்தன. படம் எடுத்தோர், கொட்டகை நடத்தியோர், அதிகாரிகள், கல்வியாளர்கள், அரசியல் தலைவர்கள் எனப் பலதரப்பட்டோரின் கருத்துகள் அவற்றில் பதிவாயின. தாதாசாகேப் பால்கே சாட்சியம் அளித்தார். தாம் திரைப்படம் பார்த்ததே இல்லை எனக் காந்தியடிகள் வினாப்பட்டியலுக்கு விடை எழுதினார்.

நான்கு தொகுதிகளாக வெளிவந்த அச்சாட்சியங்கள், பேசாப்படக் காலத்து இந்தியத் திரைப்படம் பற்றி இன்று ஆராய்வோர் அனைவருக்கும் அடிப்படைச் சான்றாக விளங்குகின்றன. அவற்றில் பேசப்படும் படங்களுட் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. அவற்றைப் பற்றிய பேச்சு மட்டும் அச்சில் எஞ்சியுள்ளது. இந்தியத் திரைப்பட வரலாற்றைப் பயில்வோர் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கலை இந்நிலை தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது.

விடுதலைக்குப் பின் 1949 இல் எஸ்.கே. பாட்டீல் தலைமையில் அமைக்கப்பட்ட திரைப்பட விசாரணைக் குழு 1951 இல் தன் அறிக்கையை அளித்தது. திரைப்படத் தொழிலுக்கு நிதி வழங்கும் நிறுவனமும், பயிற்சி அளிக்கும் கல்வி நிறுவனமும் தேவை என்பது அதன் பரிந்துரைகளுள் அடங்கும். இரண்டும் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் நடைமுறைக்கு வந்தன. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் அக்காலத்தில் திரைப்படத்தைப் பாடமாகக் கருதவில்லை. அவ்விடைவெளியை நிரப்பியவை திரைப்படச் சங்கங்களாகும்.

திரைப்படச் சங்கங்கள்

1947 இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் கல்கத்தா திரைப்படச் சங்கத்தை நிறுவினர். 1952 இல் நடந்த முதல் இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி ஏனைய பெருநகரங்களுக்கும் சென்றது. விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ போன்ற படங்களை அவ்விழாவில் கண்டோர், திரைப்படம் ஆய்ந்து பேசத்தக்க கலை என்னும் எண்ணத்தைத் தத்தம் நகரங்களில் பரப்பினர். 1957 இல் அம்மு சுவாமிநாதன் முன்னின்று தொடங்கிய சென்னைத் திரைப்படச் சங்கமும், 1965 இல் அடூர் கோபாலகிருஷ்ணன் முதலியோர் திருவனந்தபுரத்தில் நிறுவிய சித்ரலேகா சங்கமும் தென்னகத்தில் குறிப்பிடத்தக்கவை. 1959 இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. ராய் அதன் தலைவரானார்.

சங்கங்களின் செயற்பாட்டில் கல்வியின் கூறுகள் தெளிவாகக் காணப்படுகின்றன. படம் திரையிடுதல், படத்திற்கு முன் அறிமுகக் குறிப்பு வழங்குதல், படம் முடிந்தபின் கலந்துரையாடுதல், சிற்றிதழ் வெளியிடுதல் ஆகியன ஒரு வகுப்பறையின் பணிகளுக்கு ஒப்பானவை. தேர்வும் பட்டமும் மட்டும் இல்லை. ஆனால் சங்கங்களுக்கு வந்துசேர்ந்த படிகளுட் பெரும்பகுதி வெளிநாட்டுத் தூதரகங்களின் வழியே கிட்டியவை. ஆதலின் சங்கங்களில் வளர்ந்த சுவைஞர் இத்தாலிய, பிரெஞ்சு, சோவியத்துப் படங்களின் நுட்பங்களைக் காட்சி காட்சியாக எடுத்துரைக்க வல்லவராக இருந்தனர். தம் மொழியில் முப்பதுகளில் எடுக்கப்பட்ட படங்களை அவ்வாறு கற்கும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே கிட்டியது. தாய்மொழிப் படம் பொழுதுபோக்கு, அயல்மொழிப் படம் கலை என்னும் பாகுபாடு நிலைபெற்றமைக்குச் சுவை வேறுபாட்டோடு இதுவும் ஒரு காரணமாகும்.

புனே: கல்வியும் காப்பகமும்

1960 இல் புனேயில் பிரபாத் ஸ்டுடியோ இருந்த வளாகத்தில் இந்தியத் திரைப்படக் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1964 இல் அந்நகரிலேயே இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் நிறுவப்பட்டது. கற்பிக்கும் இடமும் காக்கும் இடமும் அருகருகே அமைந்தமை இந்தியத் திரைப்படக் கல்வி வரலாற்றில் ஒரு திருப்பமாகும்.

இக்கட்டத்தில் இருவர் பணி சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. ஒருவர் சதீஷ் பகதூர். ஆக்ராவில் பொருளாதாரம் கற்பித்தவரும் திரைப்படச் சங்க இயக்கத்தில் ஈடுபட்டவருமான இவர், 1960களின் தொடக்கத்தில் புனே நிறுவனத்தில் திரைப்பட ரசனைப் பேராசிரியரானார். 1950களின் நடுப்பகுதியில் இந்தியா வந்து பல நகரங்களில் திரைப்பட ரசனை பற்றி உரையாற்றிய மேரி சீட்டனின் தாக்கம் இக்கல்விமுறையின் பின்னணியில் உண்டு. ஒரு படத்தை முழுமையாகக் கண்டபின், அதன் பகுதிகளை நிறுத்தி நிறுத்தி மீண்டும் கண்டு, காட்சித் துண்டு ஒவ்வொன்றின் அமைப்பையும் தொடர்பையும் ஆராய்வது பகதூரின் முறையாக இருந்தது. ராயின் ‘பாதேர் பாஞ்சாலி’ (1955) படத்தை அவர் இம்முறையில் விரிவாக ஆராய்ந்து கற்பித்தார். செய்யுள் ஒன்றினைச் சீர் பிரித்து, சொல் பிரித்து, உரை கண்டு பயிலும் தமிழ் மரபுக்கு இம்முறை அயலானதன்று.

மற்றவர் பி.கே. நாயர். காப்பகத்தின் தொடக்ககாலம் முதல் 1991 வரை அதனை வளர்த்தெடுத்த இவர், நாடெங்கும் தேடிப் படச்சுருள்களைத் திரட்டினார். பால்கேயின் படங்களுள் இன்று காணக் கிட்டும் பகுதிகள் காக்கப்பட்டதில் இவர் பங்கு பெரிது. 1970களின் நடுப்பகுதி முதல் இவ்விரு நிறுவனங்களும் இணைந்து ஆண்டுதோறும் நடத்திய திரைப்பட ரசனைப் பயிற்சியில் கல்லூரி ஆசிரியர்களும் இதழாளர்களும் பிற துறையினரும் கலந்துகொண்டனர். கல்லூரிகளில் பின்னாளில் திரைப்படத்தைக் கற்பித்த ஆசிரியர் பலர்க்கு அதுவே முதற் பயிற்சிக் களமாயிற்று.

இதன் எல்லையும் கருதத்தக்கது. புனேயில் காப்பகப் படிகளோடு பயின்ற ஆசிரியர், தம் ஊர்க் கல்லூரிக்குத் திரும்பியபின் படி இல்லாமலேயே கற்பிக்க வேண்டியிருந்தது. காப்பகம் 16 மி.மீ. படிகளைச் சங்கங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் அனுப்பி உதவியது உண்மையே. ஆயினும் நாடெங்கும் உள்ள கல்லூரிகளின் தேவைக்கு அது போதுமானதாக இருக்க இயலாது. எனவே பகதூரின் முறை கல்லூரி வகுப்பறைக்கு வந்தபோது கதைச் சுருக்கமும் இயக்குநர் வரலாறுமாகச் சுருங்க நேர்ந்தது.

பிற துறைகளின் வாயில்கள்

1980களிலும் 1990களிலும் திரைப்படம் பல்கலைக்கழகத்தினுள் நுழைந்தது. தமிழ்த் திரைப்படம் பற்றிய ஆய்வுகளே இந்நுழைவின் தன்மையை விளக்கப் போதுமானவை. 1981 இல் கா. சிவத்தம்பியின், தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக நோக்கும் ஆங்கில நூல் வெளிவந்தது. அவர் யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றியவர். அதே ஆண்டில் சு. தியடோர் பாஸ்கரனின் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ வெளிவந்தது. அவர் வரலாறு பயின்று அஞ்சல் துறையில் பணியாற்றியவர். 1992 இல் எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பத்தையும் அரசியலையும் ஆராய்ந்த ‘தி இமேஜ் டிராப்’ நூலை எழுதிய எம்.எஸ்.எஸ். பாண்டியன், பொருளாதாரத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். மூவருள் எவரும் திரைப்படத்தைத் தனித்துறையாகப் பயின்றவர் அல்லர். தத்தம் துறையின் வினாக்களோடு திரைப்படத்தை அணுகி, அத்துறைகளால் மட்டும் விடை காண இயலாத இடங்களைக் கண்டறிந்தவர்கள் அவர்கள்.

1993 இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் திரைப்படவியல் துறை உருவாகி, நாட்டில் முதன்முதலாக அப்பாடத்தில் முதுகலைப் படிப்பு தொடங்கியது. 1994 இல் ஆஷிஷ் ராஜாத்யக்ஷா, பால் வில்லெமென் ஆகியோர் தொகுத்த இந்தியத் திரைப்படக் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. பல மொழிப் படங்களையும் ஒரே நூலில் ஒப்பிட்டு நோக்க அது துணை செய்தது. 2001 இல் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் தோன்றிய கலை, அழகியல் புலத்தில் திரைப்பட ஆய்வும் ஒரு பிரிவாயிற்று. இவ்வாறு முதுகலை, ஆய்வு நிலைகளில் திரைப்படவியல் தனித்துறை வடிவம் பெற்றது. இளநிலையில் அது ஆங்கில இலக்கியத் துறையின் விருப்பத்தாளாகவோ, 1990களில் பரவிய காட்சித் தொடர்பியல் படிப்பின் ஒரு பகுதியாகவோ நின்றது. மேலே அறிஞர்களும் கீழே தொழில் பயில்வோரும் இருக்க, இடையில் இருக்க வேண்டிய பொதுவாசிப்பாளராகிய கல்லூரி மாணவர்க்குரிய இடம் வெறுமையாகவே இருந்தது. துணைப்பாடம் நிரப்ப வேண்டிய இடம் இதுவேயாகும்.

‘மார்த்தாண்ட வர்மா’: துறைகள் சந்திக்கும் ஒரு படம்

பல துறைகளின் கூட்டு ஏன் தேவை என்பதற்கு ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) என்னும் பேசாப்படம் சிறந்த சான்றாகும். சி.வி. ராமன் பிள்ளை எழுதி 1891 இல் வெளிவந்த மலையாள வரலாற்று நாவலைத் தழுவி, பி.வி. ராவ் இயக்கத்தில், நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் இப்படத்தைத் தயாரித்தார். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் அரசின் பகுதியாக இருந்தது. நாவலின் பதிப்புரிமை தமக்குரியது எனத் திருவனந்தபுரத்துக் கமலாலயா புத்தக நிலையத்தார் வழக்குத் தொடுத்தனர். படம் வெளியான சிறிது காலத்திலேயே அதன் திரையிடல் தடைப்பட்டது. படி பதிப்பகத்தாரிடம் சென்று சேர்ந்தது. பல்லாண்டுகள் அங்குக் கிடந்த அப்படியை 1974 இல் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் பெற்றது. தென்னிந்தியப் பேசாப்படங்களுள் ஏறத்தாழ முழுமையாக எஞ்சியிருப்பது இதுவொன்றே எனத் திரைப்பட வரலாற்றாசிரியர் கூறுவர்.

தயாரிப்பாளர்க்கு இழப்பை உண்டாக்கிய வழக்கே படத்தைப் பிற்காலத்திற்குக் காத்துத் தந்தது. கொட்டகை கொட்டகையாக ஓடித் தேய்ந்தும், பின் பயனற்றதாகக் கருதப்பட்டும் அழிந்த ஏனைய படங்களின் கதி இதற்கு நேராதமைக்கு, அது ஓடவே இயலாமற் போனதே காரணம். இச்செய்தியை விளக்க இலக்கிய வரலாறு, பதிப்பு வரலாறு, உரிமைச் சட்டம், திருவிதாங்கூரின் அரசியல் எல்லை, படச்சுருளின் வேதியியல் ஆகிய அனைத்தும் வேண்டப்படுகின்றன. நாவலை மட்டும் கற்பவர் படம் எஞ்சிய காரணத்தை அறியார். படத்தை மட்டும் காண்பவர் வழக்கு எழுந்த காரணத்தை அறியார். இத்தகைய ஒரு படத்தை வைத்து ஒரு பருவம் முழுவதும் துணைப்பாட வகுப்பு நடத்த இயலும்.

‘தியாக பூமி’யும் தமிழ்த்துறையும்

தமிழ்த்துறைக்கு இன்னும் நெருக்கமான சான்று கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘தியாக பூமி’ (1939) ஆகும். கல்கியின் கதை ‘ஆனந்த விகடன்’ இதழில் தொடராக வெளிவந்தபோது, ஓவியங்களுக்கு மாற்றாகப் படத்தின் ஒளிப்படங்களே அதனுடன் அச்சாயின. தொடரைப் படித்த வாசகர் பாபநாசம் சிவனின் முகத்தையே சம்பு சாஸ்திரியின் முகமாகக் கண்டனர், எஸ்.டி. சுப்புலட்சுமியையே சாவித்திரியாகக் கண்டனர். எழுத்தும் படமும் ஒரே காலத்தில் ஒன்றையொன்று விளம்பரப்படுத்தியும் விளக்கியும் வளர்ந்தன. காங்கிரஸ் அமைச்சரவை 1939 இறுதியில் பதவி விலகியபின் படம் அரசின் தடைக்கு உள்ளாயிற்று.

இன்றைய மாணவர் நூலகத்தில் எடுத்துப் படிக்கும் நாவற்பதிப்பில் பெரும்பாலும் அவ்வொளிப்படங்கள் இல்லை. நாவலை நாவலாகவே கற்கும் பாடத்திட்டத்தில் அப்படைப்பின் பிறப்புச் சூழல் மறைந்துபோகிறது. ‘நாவலைப் படம் எவ்வளவு உண்மையாகப் பின்பற்றியுள்ளது’ என்னும் வழக்கமான ஒப்பீட்டு வினாவும் இங்குப் பொருந்தாது. மூலம், தழுவல் என்று பிரித்தறிய இயலாதவாறு இரண்டும் உடன்பிறந்தவை. இதழின் பக்கங்களையும் படத்தின் படியையும் ஒருங்கே வைத்துப் பயிலும்போதே இவ்வுண்மை புலப்படும். தமிழ்த்துறை ஆய்வேடுகளிற் பெரும்பாலானவை படத்தின் கதை, உரையாடல், பாடல் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன என்னும் குறை இங்கு நினைக்கத்தக்கது. அவை மூன்றும் எழுத்தில் கிட்டுவன; ஏனைய கூறுகளைக் கற்கப் படம் வேண்டும்.

படி இல்லாப் பாடம்

தென்னிந்தியாவின் முதற் கதைப்படமாகக் கருதப்படும் ஆர். நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ கிட்டவில்லை. 1931 இல் வெளிவந்த முதல் இந்தியப் பேசும்படம் ‘ஆலம் ஆரா’வும், அவ்வாண்டு அக்டோபர் 31 இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ உம் கிட்டவில்லை. ஏறத்தாழ 1950 வரை வழக்கில் இருந்த நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது. வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைவது. அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக அழிக்கப்பட்ட சுருள்களும் பல. 2003 ஜனவரி 8 இல் புனேயில் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் வைக்கப்பட்டிருந்த கிடங்கு தீக்கிரையாயிற்று. காக்கப்பட்டவையும் நிலையானவை அல்ல என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

தமிழ் ஆய்வுலகிற்கு இவ்விழப்பின் தன்மை புரியாததன்று. சீவகசிந்தாமணி 1887 இலும், சிலப்பதிகாரம் 1892 இலும், புறநானூறு 1894 இலும் உ.வே. சாமிநாதையரால் பதிப்பிக்கப்பட்டபின்னரே பழந்தமிழ் இலக்கிய வரலாறு இன்றைய வடிவத்தைப் பெறத் தொடங்கியது. சுவடி தேடல், படி ஒப்பிடல், பாடவேறுபாடு குறித்தல் என்னும் பணிகள் முந்த, திறனாய்வு பின் வந்தது. திரைப்படத்தில் இவ்வரிசை தலைகீழாயிற்று. படிகளைத் தேடித் தொகுத்து ஒப்பிடும் பணி நிறைவுறுமுன்பே கோட்பாட்டு விளக்கங்கள் பெருகின.

பாடவேறுபாடு திரைப்படத்திற்கும் உண்டு. தணிக்கையில் நீக்கப்பட்ட பகுதிகள், மறுவெளியீட்டில் குறைக்கப்பட்ட பாடல்கள், தொலைக்காட்சி நேரத்திற்கேற்பச் சுருக்கப்பட்ட வடிவங்கள், இணையத்தில் உலவும் முழுமையற்ற படிகள் என ஒரே பெயரில் பல வடிவங்கள் வழங்குகின்றன. எந்தப் படியைக் கண்டு எழுதப்பட்டது என்னும் குறிப்பே இன்றித் திரைப்பட ஆய்வுரைகள் எழுதப்படுவதைக் காணலாம். இன்ன பதிப்பு எனக் குறிப்பிடாமல் சங்கப்பாடலை எடுத்தாளும் கட்டுரையை ஏற்காத தமிழ்த்துறை, திரைப்படத்திற்கு மட்டும் அவ்விதியைத் தளர்த்துவது முறையன்று.

படம் அழிந்த இடத்திலும் சான்றுகள் முற்றாக அழிவதில்லை. கொட்டகைகளில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்கள் கதைச் சுருக்கம், நடிகர் பெயர்கள், பாடல்கள் ஆகியவற்றைத் தாங்கியவை. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய பாட்டுப் புத்தகங்கள் தொகுக்கப்பட்டுள்ளன. இதழ்களில் வந்த விளம்பரங்களும் மதிப்புரைகளும் இவற்றோடு சேர்த்து நோக்கத்தக்கவை. அச்சுச் சான்றுகளைக் கையாள்வதில் தமிழ்த்துறை மாணவர் பெற்றுள்ள பயிற்சி இங்கு நேரடியாகப் பயன்படும்.

துணைப்பாடத்தின் நடைமுறைச் சிக்கல்கள்

2015 அளவில் மானியக் குழு பரவலாக்கிய விருப்பத்தேர்வு அடிப்படையிலான கிரெடிட் முறையில் பிற துறை மாணவரும் பயிலும் பொது விருப்பத்தாள்கள் இடம்பெற்றன. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதன்வழி வந்த 2022 சட்டகமும் துணைப்பாடத்தைப் பட்டத்தின் நிலையான உறுப்பாக்கின. இக்கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டில் சார்புப் பாடம், பிறதுறை விருப்பப்பாடம் என்னும் அமைப்புகள் முன்னரே உள்ளன. பெயர் வேறாயினும் எழும் வினா ஒன்றே: ஒதுக்கப்பட்ட நேரத்திற்குள் படத்தைக் காண்பதற்கு எவ்வளவு இடம் உண்டு?

2022 சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது பருவத்தில் 15 மணி நேர விரிவுரைக்கோ, 30 மணி நேரச் செய்முறைக்கோ உரியது. நான்கு கிரெடிட் கொண்ட ஒரு தாளை முழுதும் விரிவுரையாகக் கொண்டால் கிடைப்பது 60 மணி நேரம். இரண்டரை மணி நேரப் படங்கள் எட்டினை வகுப்பில் காட்டினால் 20 மணி நேரம் கழியும். பாடத்தின் மூன்றிலொரு பங்கு போய்விடும். ஆதலின் படங்களை வீட்டில் கண்டுவருமாறு மாணவரைப் பணித்துவிட்டு, வகுப்பில் கதையைப் பேசும் நிலை உருவாகும். மாறாக, நான்கில் ஒரு கிரெடிட்டைச் செய்முறையாக வகுத்தால் அதற்குரிய 30 மணி நேரத்தில் அத்தகைய 12 படங்களைக் காணலாம். விரிவுரைக்கு 45 மணி நேரம் குறையாமல் எஞ்சும். வேதியியலுக்கு ஆய்வகம் எத்தகையதோ, திரைப்படத்திற்குத் திரையிடல் அத்தகையது. இதனைப் பாடத்திட்டக் குழு ஏற்குமா என்பதைப் பொறுத்தே துணைப்பாடத்தின் தரம் அமையும்.

சட்டத்தின் நிலை இதற்குத் தடையாக இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் பணிகளின் பகுதியாக அதன் ஆசிரியர், மாணவர் முதலியோர்க்கு மட்டும் படம் காட்டுவதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. மேலும் திரைப்படத்தின் பதிப்புரிமைக் காலம் 60 ஆண்டுகளே ஆதலின், ‘மார்த்தாண்ட வர்மா’, ‘தியாக பூமி’ போன்ற படங்களுக்கு அது முடிந்துவிட்டது. சட்டம் கதவைத் திறந்துவிட்டபோதும், தக்க படி கல்லூரிக்குக் கிட்டாதிருப்பதே தடையாகும். காப்பகத்தின் பொறுப்புகள் 2022 இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டன. இந்நிலையில், கல்லூரிகளின் கற்றல் தேவைக்கெனப் பழம்படங்களின் நம்பத்தக்க எண்மப் படிகளை வழங்கும் ஏற்பாடு, பாடத்திட்டத்தை விடவும் முதன்மையானது.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. இந்தியாவில் திரைப்படக் கல்வி குழு அறிக்கை, திரைப்படச் சங்கம், காப்பகம், பிற துறை ஆய்வு என்னும் வழிகளில் வளர்ந்து பின்னரே கல்லூரியை அடைந்தது. பல துறைச் சார்பு அதன் இயல்பாதலின், துணைப்பாடம் என்னும் அமைப்பு அதற்குத் தாழ்வன்று. பொருத்தமான இடமே ஆகும்.

2. ஒவ்வொரு கட்டத்திலும் கிட்டிய படிகளே கல்வியின் போக்கை வரையறுத்தன. தூதரகப் படிகள் அயல்மொழிப் படச் சுவையை வளர்த்தன. காப்பகம் அருகில் இருந்தமையால் புனேயில் நுண்ணாய்வு இயன்றது. படி கிட்டாத கல்லூரிகளில் பாடம் கதைச் சுருக்கமாயிற்று.

3. திரையிடலைச் செய்முறை நேரமாக ஏற்றுக் கிரெடிட் வழங்குதல் துணைப்பாடத்தின் அடிப்படைத் தேவையாகும்.

4. படி தேடல், படி ஒப்பிடல், பாடவேறுபாடு குறித்தல், அச்சுச் சான்றுகளால் இழந்ததை ஊகித்தல் ஆகிய பதிப்பியல் முறைகளைத் திரைப்படத்திற்கு வழங்க வல்லது தமிழ்த்துறை. கதையும் வசனமும் பாடலும் என்னும் எல்லையை அது கடத்தல் வேண்டும்.

துணைப்பாடம் பயிலும் மாணவருட் பெரும்பாலோர் திரைப்பட ஆய்வாளராகவோ கலைஞராகவோ ஆகப் போவதில்லை. ஆசிரியராகவும் அலுவலராகவும் வணிகராகவும் பல ஊர்களில் வாழப்போகிறவர்கள் அவர்கள். பழைய கொட்டகையின் அறையிலோ வீட்டுப் பரணிலோ கிடக்கும் ஒரு சுருளையோ பாட்டுப் புத்தகத்தையோ நாளை அவருள் ஒருவர் காண நேரலாம். அதன் மதிப்பை உணர்ந்து உரிய இடத்தில் சேர்க்கும் அறிவை அவர்க்கு அளித்திருந்தால், இத்துணைப்பாடம் தன் பயனை எய்தியதாகும்.